அலமாரிக்குள் பன்னிரண்டு ரப்பர் பல்புகள்

பிப்பெட்டின் (திரவத்தை அளந்து எடுக்கும் மெல்லிய கண்ணாடிக் குழாய்) மேல்நுனியில் சிவப்பாக ஒரு வளையம் தெரிந்தது. முந்தின நாள் மாணவர்கள் சாயம் தயாரித்திருந்தார்கள். அந்தச் சாயம்தான் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். மறுபடி வாயில் வைத்து உறிஞ்சி எடுத்துப் பார்த்தால் மறுபடியும் அதே வளையம். என் ஈறிலிருந்து வந்த ரத்தம் அது.

என் பெயர் ஞானராஜ். வீடு பாளையங்கோட்டையில். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் இப்படி என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் பொறுமையாக எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது போல. என்னிடம் பொறுமை மிச்சம் இல்லை. இருந்ததை ஆஸ்பத்திரி வரிசைகளில் நின்றே செலவழித்துவிட்டேன்.

அப்படி ஈறில் ரத்தம் வரத் தொடங்கி மூன்று மாதம் ஓடிவிட்டது. தொடையிலும் முழங்கையிலும் இடிக்காமலே கன்றிப்போன நீலம். ஆய்வகம் இரண்டாவது மாடியில். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். பக்கத்துக் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், அதையும் ஒழுங்காக விழுங்கினேன். என் மனைவி எஸ்தர்தான் ஒருநாள் என் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ரத்தத்தில் எல்லாமே குறைவு என்றார்கள். ஹீமோகுளோபின் ஐந்து. தட்டணுக்கள் (ரத்தத்தை உறையச் செய்யும் அணுக்கள்) ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் பதினோராயிரம். வெள்ளணுக்களும் அப்படியே. மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்கிறார்கள். ஆனாலும் உள்ளேயிருந்து எதையோ பிடுங்குகிற அந்த இழுப்பு தெரியும். பயப்படாதீர்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்கும் அணுக்கள் இருக்க வேண்டிய இடம் முழுக்க வெறும் கொழுப்பு. அப்ளாஸ்டிக் அனீமியா (எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும் நோய்) என்று எழுதினார்கள். ரத்தநோய் மருத்துவர் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். அதுவரை யாரும் கேட்காத கேள்வியை அவர்தான் கேட்டார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

கல்லூரி ஆய்வகம் என்றேன். என்ன ரசாயனம் அதிகம் புழங்குவீர்கள் என்றார். பென்சீன் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எப்படி எடுப்பீங்க? வாயாலயா?"

"ஆமா டாக்டர். முப்பத்தொரு வருசமா வாயாலதான்."

பேனாவை மறுபடி எடுத்து அதை எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்த எஸ்தர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

வேதியியல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பென்சீன் என்பது தண்ணீர் மாதிரி நிறமில்லாத திரவம். ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து ஒரு வளையமாக நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜன். லேசான இனிப்பு மணம். இந்த வளையம் உள்ள பொருள்களுக்கு 'அரோமேட்டிக்', நறுமணச் சேர்மங்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மணம் பார்த்து வைத்த பெயர். மஜ்ஜையைப் பார்த்து வைத்திருந்தால் வேறு பெயர் கிடைத்திருக்கும்.

நான் பட்டம் படித்தவன் இல்லை. ஸ்டோர் ரூமுக்கு அடுத்த அறைதான் வகுப்பு. சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாடம் முழுக்க மனப்பாடம். நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால் நைட்ரோபென்சீன், அதிலிருந்து அனிலீன், அனிலீனிலிருந்து சாயம். பென்சீனிலிருந்து நைலான், பிளாஸ்டிக், சோப்புத்தூள், பூச்சிமருந்து, தலைவலி மாத்திரை. பண்புகள் ஐந்து, வினைகள் ஐந்து, பயன்கள் ஐந்து. முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளாவது, ஒரு பேராசிரியராவது, 'இது மனுசன் உடம்புக்குள்ள போனா என்ன வினை நடக்கும்' என்று கேட்டு நான் கேட்டதில்லை. அதற்கு மதிப்பெண் இல்லையே!

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு. பென்சாயிக் அமிலத்தைப் பென்சீனும் தண்ணீரும் உள்ள புட்டியில் போட்டு அரை மணி நேரம் குலுக்க வேண்டும். பென்சீன் மேலே, தண்ணீர் கீழே என்று இரண்டு அடுக்காகப் பிரியும். அமிலம் எதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதற்கு ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் பிப்பெட்டால் எடுக்க வேண்டும். பென்சீன் சட்டென்று ஆவியாகும். உறிஞ்சும்போதே குழாய்க்குள் குமிழி விட்டுக்கொண்டு வாய்க்கு வந்துவிடும். நாக்கு எரியும், பிறகு தலை லேசாகும். ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் செய்வதற்கு முன்னால் எல்லாப் புட்டிகளையும் நான் செய்து பார்த்து விடை குறித்து வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய சாயத்தைக் கழுவுவதும் பென்சீனில்தான். அசனப் பண்டிகையில் (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) எஸ்தரின் பட்டுச் சேலையில் கறிக்குழம்பு சிந்தியபோது ஒரு குப்பி பென்சீனை வீட்டுக்கே கொண்டுபோய்க் கறையை எடுத்துக் கொடுத்து, பெருமையாக நின்றவனும் நான்தான்.

வாயால் உறிஞ்சாமல் எடுக்க வழி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பிப்பெட்டின் தலையில் மாட்டி அமுக்கி உறிஞ்சும் ரப்பர் பல்பு. பன்னிரண்டு பல்புகள் வெகுகாலத்துக்கு முன்பே வாங்கி, என் அலமாரியில், என் சாவியின் கீழ் இருந்தன. ஒரு நாளும் வெளியே எடுக்கவில்லை.

ஏன் தெரியுமா? வருடத்துக்கு ஒருமுறை இருப்புச் சரிபார்ப்பு வரும். வேறு துறையிலிருந்து ஒருவர் பதிவேட்டோடு வந்து ஒவ்வொரு பொருளாக எண்ணுவார். கண்ணாடி உடைந்தால் உடைந்த துண்டைக் காட்டினால் போதும். ரப்பர் சாமான் கெட்டுப்போனால் 'எப்படிக் கெட்டது' என்று எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். பென்சீன் ஆவி பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் பல்புகளைப் பென்சீனிடமிருந்து காப்பாற்றினேன். ரப்பருக்குக் கெடுதல் என்று தெரிந்த எனக்கு என் ஈறு ஞாபகம் வரவில்லை. இதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரே ஒரு மாணவி கேட்டாள். மரியம், காயல்பட்டினத்துப் பிள்ளை. அப்பா வளைகுடா நாட்டில் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே இதையெல்லாம் வாயில் வைக்கவே விடமாட்டார்களாம், பல்பு இருந்தால் கொடுங்கள் அண்ணாச்சி என்றாள். சேமியா ஐஸ் உறிஞ்சத் தெரியும்லா, அதே மாதிரி உறிஞ்சு என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் தலையைக் குனிந்துகொண்டு உறிஞ்சினாள்.

சிகிச்சைக்கு வருகிறேன். மஜ்ஜை மாற்ற எனக்கு உடன்பிறந்தவர் இல்லை, வயதும் ஐம்பத்து நான்கு. அதனால் ஏ.டி.ஜி. (குதிரையின் ரத்தத்திலிருந்து தயாரிக்கப்படும், நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கும் மருந்து) நான்கு நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். முதல் நாள் கட்டிலே ஆடும் அளவுக்கு நடுங்கினேன். இரண்டாவது வாரம் மூட்டெல்லாம் வலி, உடம்பெல்லாம் தடிப்பு. அது எதிர்பார்த்ததுதான், மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதோடு சைக்ளோஸ்போரின் (எதிர்ப்பு சக்தியைக் கட்டுப்படுத்தும் மாத்திரை) காலையும் மாலையும். பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம், ஆறு மாதம் ஆகலாம், தெரியாமலும் போகலாம் என்றார்கள்.

படுத்துக்கிடக்கும்போது பார்த்தேன். தரை துடைக்கும் பினாயிலில் பென்சீனின் அந்த வளையம். காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமாலில் அந்த வளையம். திரைச்சீலையின் சாயத்திலும் இருக்கும். மாணவர்களோடு சேர்ந்து நான் வருடாவருடம் தயாரித்த ஆஸ்பிரினிலும் அதே வளையம்தான். அதை மட்டும் தொடவே கூடாது, ரத்தம் நிற்காது என்று கட்டிலின் தலைமாட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். கெடுத்ததும் அது, காய்ச்சலைத் தணிக்கிறதும் அது. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, கல்லூரியில் புதுப் பருவம் தொடங்கிவிட்டது என்று. என் இடத்தில் செல்வி என்ற பெண்ணைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். போன் போட்டேன். அன்று காலைதான் புட்டிகளைக் குலுக்கி வைத்திருக்கிறாளாம். வாயில் வைக்காதே, பல்பு அலமாரியில் இருக்கிறது என்றேன். துறைத்தலைவர் சார் சொன்னால்தானே அண்ணாச்சி என்றாள். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை.

எஸ்தரிடம் சாவியைக் கொடுத்து மறுநாள் காலை பஸ்ஸில் கல்லூரிக்கு அனுப்பினேன். துறைத்தலைவர் அலமாரியைத் திறக்கவிடவில்லை. இருப்புக்குப் பொறுப்பு ஞானராஜ், அவர் வந்து திறக்கட்டும், ஆள் இல்லாதபோது திறந்தால் நாளைக்கு ஒன்று குறைந்தால் யார் பதில் சொல்வது என்றாராம். எஸ்தர் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். பேராசிரியர்கள் முன்னால் நின்று பேசியதே இல்லை. அன்றைக்குத் திரும்பி நேராக ஆய்வகத்துக்குள் போயிருக்கிறாள். இருபத்தைந்து மாணவர்கள் கையில் பிப்பெட்டோடு நின்றார்களாம்.

"எங்க வீட்டுக்காரரு அடுத்தவங்க ரத்தத்தை ஏத்திக்கிட்டுக் கெடக்காரு. இந்தக் குழாயை வாயில வச்சுத்தான் இப்படி ஆச்சு. வைக்கிறவங்க என் மூஞ்சியப் பாத்துட்டு வைங்க."

செல்விதான் முதலில் பிப்பெட்டைக் கீழே வைத்தாள். பிறகு ஒவ்வொருவராக வைத்தார்கள். இதை செல்வி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எஸ்தர் திரும்பி வந்து சாவியை என் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, கஞ்சி குடித்தீர்களா என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரமே துறைத்தலைவர் ஆரஞ்சுப் பழத்தோடு மதுரைக்கு வந்துவிட்டார். எனக்கு உரிக்காத பழம், பச்சைக் காய்கறி, பூ எதுவும் பக்கத்தில் கூடாது என்று நர்ஸ் அதை வெளியிலேயே வாங்கி வைத்துவிட்டார். முகக்கவசத்தோடு உட்கார்ந்து, பாளையங்கோட்டை வெயில், தேர்வு அட்டவணை என்று சுற்றிச் சுற்றிப் பேசினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"ஞானராஜ், மெடிக்கல் சர்டிபிகேட்ல பென்சீன்னு எழுத வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லும். அதுதான்னு யாரும் நிரூபிக்கவா முடியும்? நமக்கெதுக்கு வம்பு."

நமக்கு! எனக்கு வாயில் நன்றாக வந்தது. ஈறு புண்ணாக இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

"சார், உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார். மருத்துவரிடம் இதைச் சொன்னேன். பென்சீன்தான் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கிற மாதிரி அடித்துச் சொல்ல முடியாது, சிலருக்குக் காரணமே தெரியாமலும் இந்த நோய் வருகிறது என்றார். ஆனாலும் 'நீண்டகாலப் பென்சீன் தொடர்பு இருந்தது' என்று எழுதியும் கொடுத்தார். எழுதாமல் இருக்க மாட்டேன் என்றார்.

சபையிலிருந்து வந்து ஜெபித்தார்கள். என் பெயருக்கு ரத்தம் கொடுக்கப் பழைய மாணவர்கள் திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் நன்றி. ஆனால் எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்று ஒரு பெரியவர் சொன்னபோது, கர்த்தர் பிப்பெட்டை என் வாயில் வைக்கவில்லை ஐயா, நான்தான் வைத்தேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. எனக்கும் வருத்தமில்லை.

ரத்தம் கொடுக்க வந்தவர்களில் மரியமும் ஒருத்தி. இப்போது அவளுடைய ஊரிலேயே பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்கு ரத்தப் பரிசோதனை செய்தாயா அம்மா என்றுதான் முதலில் கேட்டேன். செய்துவிட்டாளாம், எல்லாம் சரியாக இருக்கிறதாம். அன்றைக்கு உன்னைப் பார்த்து எல்லாரும் சிரிக்கும்படி பண்ணிவிட்டேனே என்றேன். அண்ணாச்சி, நீங்களும்தானே உறிஞ்சினீங்க என்றாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள்தான் எனக்கு அந்தப் பாடத்தின் மீதியைச் சொல்லிக்கொடுத்தாள். டொலுவீன் என்பதும் அதே வளையம்தான். கூடுதலாக ஒரு மெத்தில் தொகுதி, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும், பாத்திரத்துக்குப் பிடி மாதிரி ஒட்டியிருக்கும். நம் ஈரல் அந்தப் பிடியைப் பிடித்து மாற்றிப் பென்சாயிக் அமிலமாக ஆக்கி, பெரும்பாலும் சிறுநீரில் அனுப்பிவிடும். பென்சீனுக்குப் பிடி இல்லை. அதனால் ஈரல் வளையத்தையே மாற்றப் பார்க்கிறது. அதில் உண்டாகும் பொருள்கள் போய் மஜ்ஜையைக் கெடுக்கின்றன. டொலுவீனும் பால் இல்லை, அதையும் முகரவோ உறிஞ்சவோ கூடாது. ஆனால் இந்தச் சோதனையை அதை வைத்தே செய்யலாம், ரொம்ப காலமாகவே செய்கிறார்களாம்.

முப்பத்தொரு வருடம் தராசில் நான் நிறுத்துப் போட்ட அதே பென்சாயிக் அமிலம்! டொலுவீனாக இருந்திருந்தால் உடம்பே அதைச் செய்து வெளியே தள்ளியிருக்கும். ஒரு புட்டியை மாற்றி வாங்கியிருந்தால் போதும்.

நான்காவது மாதம் தட்டணுக்கள் தாமாக ஏறத் தொடங்கின. இருபதாயிரம், முப்பத்தையாயிரம், பிறகு அறுபது. ரத்தம் ஏற்றும் இடைவெளி நீண்டது, ஒருநாள் நின்றே போனது. எஸ்தருக்கும் பரிசோதனை செய்தோம். குறை ஒன்றுமில்லை. அந்தத் தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் பல மாதத்துக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டேன்.

நீங்களும் இப்படி ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தால், உங்கள் வேலை என்னவென்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். செருப்புப் பசையோ, பெயிண்டோ, அச்சக மையோ, பெட்ரோலோ, எதை முகர்கிறீர்கள், எத்தனை வருடம் என்று சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் வேறே இருக்கிறார்கள்.

பதினோரு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். செய்முறைக் கையேட்டில் 'பென்சீன்' என்பதைப் பேனாவால் அடித்து 'டொலுவீன்' என்று எழுதியிருந்தார்கள். ஏன் என்று ஓரத்தில் ஒரு வார்த்தை இல்லை. செல்வி இப்போது நூலகத்தில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். நான் நேராக அலமாரிக்குப் போனேன். சாவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அதே பையில்தான் இருந்தது.

உள்ளே இருந்த பல்புப் பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு பல்புகளும் வரிசையாக, வாங்கின தாள் உறைக்குள் இருந்தன. முதல் பல்பை எடுத்து அமுக்கினேன். விரிசல் விட்டுப் பொடிந்து உள்ளங்கையில் உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. ரப்பர் வெறுமனே இருந்தாலே இற்றுப்போகும். எந்த ஆவியும் படாமல் நான் காப்பாற்றியவற்றில் ஒன்றுகூட உருப்படி இல்லை.

தட்டில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோய்த் துறைத்தலைவர் மேசைமேல் வைத்தேன். விரலால் கிளறிப் பார்த்தார்.

"பன்னிரண்டும் இருக்குல்லா?" என்றார். "எண்ணி வச்சிரும். அடுத்த வாரம் சரிபார்ப்பு."

நான் கத்தவில்லை. அந்தக் கல்லூரியில் எழுத எனக்கு உரிமை உள்ளது ஒரே ஒரு புத்தகம், இருப்புப் பதிவேடு. அதை எடுத்துவந்து அவர் முன்னாலேயே விரித்தேன். மாத்திரையால் இப்போது என் கை நடுங்குகிறது. குறிப்பு என்ற கட்டத்தில் எழுதி முடிக்க நேரம் ஆனது. 'ரப்பர் பல்புகள் பன்னிரண்டு. ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் பூட்டி வைத்ததால் கெட்டன. பூட்டியவன் ஞானராஜ். அதனால் வாயால் உறிஞ்சிய ஆய்வக உதவியாளருக்கு ரத்தநோய். பொருள்: பென்சீன்.' பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே அவர் கையெழுத்து வேண்டும். விதி அதுதான்.

இதெல்லாம் இதில் எழுதுகிற விஷயமா என்றார். கெட்டால் எப்படிக் கெட்டது என்று விளக்கம் எழுத வேண்டும் சார், நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான் என்றேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே இருந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

என் காலம் இப்போது வியாழனிலிருந்து வியாழனுக்குப் போகிறது. மாதத்தின் முதல் வியாழன் ரத்தப் பரிசோதனை. அதற்கு மேல் எதையும் திட்டமிடுவதில்லை. முன்பெல்லாம் ஒரே மூச்சில் உறிஞ்சி, விரலை வைத்து, அளவுக்கோட்டில் மிகச் சரியாக நிறுத்துவேன். அந்தப் பெருமை பெரிய பெருமை எனக்கு. இப்போது, அதற்குப் பிறகு துறையில் வாங்கிய புது பல்பை மாட்டி அமுக்குகிறேன். கை நடுங்குவதால் திரவம் கோட்டைத் தாண்டும், இறக்கினால் கீழே போகும், மறுபடி ஏற்ற வேண்டும். மாணவர்கள் சுற்றி நிற்கிறார்கள். மணி அடிக்கப்போகிறது அண்ணாச்சி என்று யாராவது சொல்லுவார்கள்.

அடிக்கட்டும். திரவம் பைய ஏறி வரும்வரை எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நிற்கட்டும்.